கை நாற்காலி

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த நடனக் கூடத்தில், வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஒரு நாளுக்காகப் பிள்ளைகள் ஏங்கிக் கிடப்பார்கள். கை நாற்காலி நாள் என்று அதற்குப் பெயர். நான்கு பெண்கள் எதிரெதிரே நின்று, ஒருத்தி மணிக்கட்டை ஒருத்தி பிடித்து, கைகளாலேயே ஒரு நாற்காலி செய்வார்கள். மற்றவர்கள் வரிசையாக வந்து அதில் உட்கார வேண்டும். தூக்கிப் பார்த்துவிட்டு நால்வரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்வார்கள். லேசாக இருந்தால் "காத்து!" கொஞ்சம் கனத்தால் "தண்ணி!" இன்னும் கனத்தால் "ஐயோ, கல்லு!" என்று அலறிக்கொண்டே பொய்யாகத் தரையில் விழுந்து புரள்வார்கள். கூடமே சிரிக்கும். கல்லானவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்வாள்?

காற்றாக ஜெயித்தவள்தான் அந்த வருஷத்துப் பறவை. ஆண்டு விழாவின் கடைசி நடனத்தில், தாளத்தின் கடைசித் தட்டு விழும்போது, நான்கு பேர் அவளைத் தோளுக்கு மேலே உயர்த்துவார்கள். அவள் இரண்டு கைகளையும் விரிப்பாள். திரை விழும்.

டீச்சர் சின்னப் பிள்ளையாக அதே கூடத்தில் ஆடிய காலத்தில், அவளை எல்லோரும் இறகு என்று கூப்பிட்டார்கள். தொடர்ந்து பல வருஷம் அவள்தான் பறவை. அந்த வருஷங்களை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருந்தாள். மேலே போனதும் கீழே இருந்து தெரியாத இன்னொரு ஊரே தெரியும். அலமாரியின் தலையில் தூசிக்குள் தூங்கும் ஒற்றைச் செருப்பு. யாரோ எப்போதோ அடித்து ஏற்றிய இறகுப்பந்து. மின்விசிறியின் முதுகு. ஜன்னலுக்கு வெளியே கூரைகள், கூரைகளுக்கு நடுவே கொடியில் காயும் துணிகள், மொட்டை மாடியில் செய்தித்தாளை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கும் ஒரு மனிதர். அவரை அவள் ஒவ்வொரு ஒத்திகையிலும் பார்த்தாள். கப்பலிலிருந்து ஓய்வு பெற்ற மாலுமி என்று தனக்குத்தானே முடிவும் செய்திருந்தாள். எப்படி மேலே போனோம் என்பது மட்டும் நினைவில் இல்லை. கண்ணை மூடித் திறந்தால் மேலே இருப்பாள், அவ்வளவுதான்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்த பெரிய டீச்சருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது கூடத்தை இவள் எடுத்துக்கொண்டாள். எதையும் மாற்றவில்லை. அதே மரத்தளம், அதே சுவர்க் கம்பி, கீழே டயருக்குக் காற்றடிக்கும் அதே இயந்திரத்தின் பெருமூச்சு. வெயில் நாளில் ரப்பர் வாசனை படியேறி வரும். அந்த வாசனை மூக்கில் பட்டதும் அவளுக்கு இன்றைக்கும் உள்ளங்கால் குறுகுறுக்கும். அப்படியிருக்க, கை நாற்காலி நாளை எப்படி விட்டுக்கொடுப்பாள்? பிள்ளைகளுக்குத் தன்னால் கொடுக்க முடிந்ததிலேயே நல்ல பொருள் அதுதான் என்று நம்பினாள்.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பறவையாக இருந்தவள் சிட்டு. டீச்சரோடு சேர்ந்து ஆடிய தோழியின் மகள். அந்தத் தோழிக்கு அந்தக் காலத்தில் தூண் என்று பெயர். தூக்கும் நால்வரில் எப்போதும் ஒருத்தி. இப்போது இரண்டு தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருந்தாள். பக்கத்தில் வந்தாலே நீராவியும் கஞ்சியும் கலந்த ஒரு சுத்தமான வாசனை அடிக்கும்.

ஒரு நாள் வகுப்புக்கு நேரமிருக்கும்போதே தூண் படியேறி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. வணக்கமும் இல்லை, கிண்டலும் இல்லை. பையை மேஜைமேல் கவிழ்த்தாள். தாளில் சுற்றிய ரொட்டித் துண்டுகள் கொட்டின. சில செங்கல்போல் காய்ந்திருந்தன, சிலவற்றில் பச்சையாகப் பூஞ்சை. கிழவியின் கன்னம்போலச் சுருங்கிய ஆப்பிள்கள் இரண்டு உருண்டு ஓடின. டீச்சர் ஒன்றைப் பிடித்தாள்.

"என்னடி இது?"

"என் பொண்ணோட மதியச் சாப்பாடு. கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி, பெட்டி நிறைய இதுதான். பெருக்கும்போது நாத்தம் அடிக்குதேன்னு இழுத்தேன்."

"சாப்பிடறதே இல்லையா?"

"ராத்திரி என் எதிர்ல ரெண்டு வாய். கேட்டா வயிறு சரியில்லம்மாங்கறா. நேத்து குளிச்சிட்டு வரும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, இறகு. தலை சுத்துதாம்." தூணின் குரல் உடைந்தது. உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். "எதுக்குன்னு தெரியுமா? உன் நாற்காலிக்கு! அடுத்த மாசம் அதுல உட்காரணுமாம். மிளகுன்னு ஒரு பொடிசு வந்திருக்கே புதுசா, அது காத்தா இருக்குமாம். இவ தண்ணி ஆயிடுவாளாம்."

சிட்டு விடுமுறையில் மளமளவென்று வளர்ந்திருந்தாள். கால் நீண்டு, இடுப்பு அகன்று, உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரும் கவனித்தாள்தான். போன வாரம் அவள் முகம் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "அட, பழைய சிட்டு திரும்பி வந்துட்டாளே!" என்று எல்லோர் முன்னாலும் கன்னத்தைத் தட்டிச் சொன்னதும் இதே வாய்தான். பாராட்டு என்று நினைத்துச் சொன்னது. அந்தப் பிள்ளை அன்றைக்கு எப்படி மலர்ந்து சிரித்தாள் என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காலையிலேயே போயிட்டு வந்துட்டேன். ரத்தம் குறைவா இருக்காம். மருந்து கொடுத்திருக்கார், வாரா வாரம் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். சத்தம் போட்டுத் திணிக்காதீங்கன்னார். எனக்குச் சத்தம் போடறதைத் தவிர வேற என்ன தெரியும் சொல்லு?"

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் டீச்சர் சிட்டுவை நிறுத்திக்கொண்டாள். சுவர்க் கம்பியில் சாய்ந்து, கழுத்துவரை மூடிய தொளதொளச் சட்டையின் கைகளை விரல்வரை இழுத்துவிட்டபடி நின்றாள் சிட்டு. டீச்சர் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். இந்த வருஷம் கை நாற்காலியே வேண்டாம், பறவையும் வேண்டாம், வேறு நடனம் செய்யலாம்.

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கண் பொங்கிவிட்டது.

"நான் கல்லு ஆயிட்டேன், அதனாலதானே டீச்சர்?"

"இல்லடா தங்கம்..."

"எல்லாருக்கும் தெரிஞ்சிடும். என்னாலதான் நிறுத்திட்டாங்கன்னு சொல்வாங்க. இன்னும் கொஞ்ச நாள் கொடுங்க டீச்சர். நான் காத்தாயிடுவேன். நிச்சயமா ஆயிடுவேன்."

பையை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று ஓடினாள். டீச்சர் பின்னாலேயே போய், வாசலில் காத்திருந்த அம்மாவின் கையில் அவள் கை சேர்வதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். நிறுத்தினாலும் தப்பு, நடத்தினாலும் தப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பிள்ளை அடுத்த வேளை ரொட்டியைப் பெட்டிக்குள்தான் போடப்போகிறாள்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் சலவைக் கடைக்குப் போனாள். தூண் ஒரு பெரிய படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவளிடம் நீட்டினாள். கேட்காமலே பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிரே நின்று, மடித்து, அருகே வந்து, விரல்கள் தொட்டு, மறுபடி விலகினார்கள். ஒருவகையில் அதுவும் நடனம்தான். மடிக்க மடிக்கப் பேச்சு பழைய கூடத்துக்குப் போயிற்று. போகாமல் இருக்குமா? பெரிய டீச்சர் தும்மினால் தாளம் தப்பும் என்பதையும், மழைக்காலத்தில் கூரை ஒழுகி வாளியில் விழும் சொட்டுக்கே ஆடிப் பழகியதையும், டயர் கடைக்காரர் விழாவுக்கு வந்து முதல் வரிசையில் வாய் திறந்து தூங்கியதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அப்புறம் வந்ததே இல்ல," என்றாள் டீச்சர். "மேலே போனதும் ஒரு அமைதி இருக்கும் பாரு."

தூண் விரிப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அவளையே பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நம்ம வகுப்பிலேயே பெரிய கல்லு நீதான்டி."

"என்னது?"

"குதிக்கவே மாட்ட! தட்டு விழும்போது தரையை உதைச்சு எழும்பணும்ல? நீ ஜன்னலைப் பார்த்து கனா கண்டுக்கிட்டு நிப்ப. சாக்கு மூட்டையை லாரியில ஏத்தற மாதிரி உன்னை ஏத்தணும். எனக்கு இன்னிக்கும் மழை வந்தா இடுப்பு வலிக்குது. அந்த வலிக்கு உன் பேர்தான் வெச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் காத்து காத்துன்னு கத்தினீங்க?"

"பார்க்கறதுக்குக் காத்து மாதிரி இருந்த. கண்ணு சொன்னதை வாய் கத்திடுச்சு. லாரின்னு ஒருத்தியைக் கூப்பிடுவோமே, ஞாபகம் இருக்கா? உருண்டையா, சிரிச்ச முகமா. அவளைத் தூக்கறது எவ்வளவு சுகம் தெரியுமா? தட்டு விழுந்த நொடியில பந்து மாதிரி எழும்புவா, நாங்க சும்மா கையைக் கீழே வெச்சிருந்தா போதும். ஆனா அவ உட்காரும் முன்னாடியே கல்லுன்னு கத்திட்டுத் தரையில விழுந்துட்டோம். நானும்தான். அடுத்த வருஷம் அவ வரலை."

"வீடு மாத்திப் போயிட்டாங்கன்னு..."

"அப்படித்தான் நினைச்சுக்கிட்டோம். நினைச்சுக்க வசதியா இருந்துச்சு." தூண் விரிப்பை மேஜைமேல் வைத்துத் தடவிவிட்டாள். "என்னை யாரும் உட்காரக்கூடச் சொன்னதில்லை. தூணை யார் தூக்குவா? அதனாலதான் இவ பறவை ஆனப்போ எனக்குத் தலைகால் புரியலை. பார்த்துச் சாப்பிடுடி, விழா வருதுன்னு நானே சொல்லியிருக்கேன். கிண்டலாத்தான் சொன்னேன். அது எங்க போய் விழுந்திருக்கு பாரு."

அன்று வீடு திரும்பும்போது டீச்சருக்கு அந்தப் பழைய காட்சி வேறுமாதிரி வந்தது. அலமாரியின் தலை, கூரைகள், தூங்கும் மாலுமி, எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் இத்தனை வருஷ நினைவில் அவள் ஒரு தடவைகூடக் கீழே குனிந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். நான்கு சிவந்த முகங்கள். கடித்த பற்கள். நெற்றியில் ஒட்டிய முடி. பிஞ்சுக் கைகளில் புடைத்த நரம்புகள். அவளைக் காற்றென்று நம்பவைத்துவிட்டு, சத்தமில்லாமல் சுமந்தவர்கள். தெருவிளக்குக்கு அடியில் நின்று கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள். அந்த அமைதி இல்லாமல் போய்விடவில்லை. அதற்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கை நாற்காலி நாள் சொன்ன தேதியில் வந்தது. டீச்சர் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தாள்.

"நாற்காலி உண்டு. தீர்ப்பு கிடையாது. காத்து, தண்ணி, கல்லு மூணுக்கும் இந்தக் கூடத்துல இனிமே வேலை இல்ல. எல்லாரும் தூக்கணும், எல்லாரும் ஏறணும். ஏறுறவ சும்மா உட்காரக் கூடாது. கடைசித் தட்டுக்குக் குதிக்கணும்."

"அப்போ பறவை யாரு டீச்சர்?"

"அந்தப் பாட்டுல எத்தனை தட்டு வருது, எண்ணிப் பாருங்க. ஒருத்திதான் பறக்கணும்னு எந்த ஊர்ச் சட்டம்?"

"வானத்துல நெரிசல் ஆயிடுமே!" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. சிட்டு சிரிக்கவில்லை. மூலையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மிளகு வந்தாள். கூடத்திலேயே சின்னவள், ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். தட்டு விழுந்தது. மிளகு பயத்தில் கால் இரண்டையும் தரையில் ஊன்றிவிட்டாள். நால்வரும் முக்கினார்கள். நாற்காலி சரிந்து, மிளகு நழுவி, எல்லோரும் ஒரு குவியலாக உட்கார்ந்தார்கள்.

"இவளா இவ்ளோ கஷ்டம்?" என்று தூக்கியவர்களில் ஒருத்தி நம்பமுடியாமல் கேட்டாள்.

அடுத்து வந்தவள் உடம்பு நிறைந்த பெண். எப்போதும் கடைசி வரிசையில், யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது நிற்பவள். தயங்கித் தயங்கி வந்து நின்றாள். வழக்கமாக விழும் அந்த அலறலுக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். தட்டு விழுந்தது, குதித்தாள். சர்ரென்று தோள்களுக்கு மேலே போய்விட்டாள். தூக்கியவர்களே திகைத்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏய், இறங்காத, இறங்காத! இன்னும் கொஞ்ச நேரம் இரு, ஜாலியா இருக்கு!"

மூலையில் சிட்டுவின் கட்டிய கைகள் அவிழ்ந்திருந்ததை டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தாள். கூப்பிட்டாள். சிட்டு தலையை ஆட்டினாள். "நான் உட்கார மாட்டேன்."

"உட்கார வேண்டாம். நீ தூக்கு."

அதை சிட்டு எதிர்பார்க்கவில்லை. எழுந்து வந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டவேண்டி வந்தது. மணிக்கட்டுகள் குச்சியாகத் தெரிந்தன. மிளகுதான் மறுபடி ஏறினாள். இந்தமுறை நன்றாகவே குதித்தாள். ஆனால் பாதி வழியில் சிட்டுவின் கை வெடவெடவென்று நடுங்கி, பிடி நழுவிவிட்டது. மற்ற மூவரும் மிளகைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

சிட்டு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடையவோபோல.

"என் கை சொன்னபடி கேக்கல டீச்சர்."

டீச்சர் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னாள். "பாவம், அது என்ன செய்யும்? தூக்குன்னு சொல்ற, தூக்கறதுக்கு ஒண்ணும் கொடுக்க மாட்டேங்கற. நானும் உன்கிட்ட ஒரு தப்பான வார்த்தை சொல்லிட்டேன். பழைய சிட்டு வந்துட்டான்னு. எனக்குப் பழைய சிட்டு வேண்டாம். வளர்ற சிட்டுதான் வேணும்."

சிட்டு கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. ரொட்டி சில நாள் பாதி திரும்பி வந்தது, சில நாள் முழுசாக. டாக்டரிடம் போவது தொடர்ந்தது. தூண் நாக்கைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருக்கப் பழகினாள். அடக்கிய கோபத்துக்குக் கடையில் இஸ்திரிப் பெட்டிதான் பாடுபட்டது. டீச்சருக்கும் வாய் அடிக்கடி பழைய தடத்தில் போகும். "வயித்தை உள்ள..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்துவாள். "முதுகை நீட்டு, மூச்சு அங்க வரைக்கும் போகட்டும்," என்று மாற்றுவாள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டு, "டீச்சர் தட்டு தப்பிட்டாங்க!" என்று கத்துவார்கள்.

விழாவுக்குச் சில வாரம் இருக்கும்போது, மகளைக் கூட்டிப்போக வந்த தூண் கதவோரம் நின்று ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கி முடித்த சிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

"டீச்சர், எங்கம்மாவைத் தூக்கலாமா?"

"ஐயையோ!" தூண் படிப்பக்கம் நழுவப் பார்த்தாள். "என்னைத் தூக்க கிரேன்தான் வரணும். போங்கடி, வீட்டுல வேலை கிடக்கு."

பிள்ளைகள் விடுவார்களா? ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். டீச்சர் ஒரு பக்கம், சிட்டு எதிர்ப்பக்கம், பெரிய பெண்கள் மற்ற பக்கங்களில் சேர்ந்து நாற்காலி போட்டார்கள். தூண் முகத்தை மூடிக்கொண்டு, "ஆண்டவா," என்று முனகினாள். தட்டு விழுந்தது. அவள் குதிக்க மறந்தாள். யாராலும் அசைக்க முடியவில்லை.

"யாரோ என்னை சாக்கு மூட்டைன்னாங்க," என்றாள் டீச்சர் மூச்சு வாங்கியபடி.

"ஏய் இறகு, பிள்ளைங்க எதிர்ல..."

"இன்னொரு தடவை," என்றாள் சிட்டு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, குதிம்மா! தட்டுக்குக் குதி! நான் பிடிச்சிருக்கேன்."

இரண்டாவது தடவை தூண் குதித்தாள். தோள்வரை போகவில்லை, இடுப்புவரைதான். ஆனால் கால்கள் இரண்டும் தரையை விட்டு வந்துவிட்டன. அவள் போட்ட கூச்சலில் கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் நின்று, "மேலே என்னம்மா ஆச்சு?" என்று ஒரு குரல் கேட்டது. சிட்டுவின் கைகள் நடுங்கின. நடுங்கினாலும் விடவில்லை. இறக்கிவைத்ததும் தூண் மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். சிட்டு திமிறிக்கொண்டு வெளியே வந்தாள்.

பிள்ளைகள் கலைந்த பிறகு இரண்டு தோழிகளும் மேல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். சிட்டு பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடுவது நின்றது.

"அம்மா, பசிக்குது."

பல மாதமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. தூண் துள்ளி எழப்போனாள். டீச்சர் அவள் முட்டியை அழுத்திப் பிடித்து உட்காரவைத்தாள். தூண் புரிந்துகொண்டாள். திரும்பிப் பார்க்காமலே, "பையில ரொட்டி இருக்கும் பாரு," என்றாள், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

ஜிப் திறக்கும் சத்தம். தாள் பிரியும் சத்தம்.

"அந்த டயர் கடைக்காரர் பேனரை மாத்திட்டார் பார்த்தியா?" என்றாள் டீச்சர்.

"ஆமா. நீலம்."

"பழைய சிவப்பே நல்லா இருந்துச்சு."

"நீலமும் பரவாயில்ல," என்றாள் தூண். இருவரும் அந்தப் பேனரையே உற்றுப் பார்த்தபடி, பின்னால் ஒரு பிள்ளை மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.